எரித்த கடிதங்கள் எவருடையவை?

ஒருவர் மறைந்தபின் அவர் விட்டுச்சென்ற நிலத்தைப் பங்கிடலாம். பொன்னை நிறுத்துப் பிரிக்கலாம். பாத்திரம் பண்டங்களையும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பங்கிடவும் இயலாமல், விலை மதிக்கவும் இயலாமல் ஒரு பொருள் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கும். அதுதான் கடிதக்கட்டு. எழுதியவர் ஒருவர்; பெற்றவர் வேறொருவர்; உள்ளே பேசப்படுவோரோ பலர். இவர்களுள் எவருக்கு அது சொந்தம்? படிக்கும் உரிமை யாருக்கு? காக்கும் கடமை யாருக்கு? எரிக்கும் அதிகாரம் எவருக்கேனும் உண்டா?

இவ்வினாவுக்குச் சட்டம் பாதி விடையை எப்போதோ தந்துவிட்டது. 1741ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கவிஞர் அலெக்சாண்டர் போப், தம் கடிதங்களை இசைவின்றி அச்சிட்டு விற்ற எட்மண்ட் கர்ல் என்னும் நூல் வணிகர்மீது வழக்குத் தொடுத்தார். காகிதம் அதனைப் பெற்றவருக்கு உரியது. அதிலுள்ள சொற்களை அச்சிடும் உரிமை எழுதியவருக்கே உரியது என அவ்வழக்கில் தீர்ப்பாயிற்று. சரியாக நூறாண்டு கழித்து, 1841இல், ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களைக் குறித்து அமெரிக்காவில் எழுந்த வழக்கிலும் நீதிபதி ஸ்டோரி ஏறக்குறைய இக்கொள்கையையே ஏற்றார். நன்று. அச்சிடுவதைப் பற்றிச் சட்டம் பேசிவிட்டது. அடுப்பிலிடுவதைப் பற்றி? காகிதம் பெற்றவருடையது என்றால் அதனைக் கொளுத்தவும் அவருக்கு உரிமை உண்டென்றே பொருளாகும். சட்டம் அந்த இடத்தில் கைகட்டி நின்றுவிடுகிறது. அறம் பேசவேண்டிய இடமும் அதுவே.

இதனை வெறுங்கொள்கையாக வைத்து வாதிடுவதினும் ஒரு குடும்பத்தின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பது நலம். நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்கத் தென் மாநிலமாகிய ஜார்ஜியாவில் பிறந்த ஒரு பல் மருத்துவரின் குடும்பத்தை. ஜான் ஹென்றி ஹாலிடே என்பது அவர் பெயர். டாக்டர் என்பதைச் சுருக்கி 'டாக்' ஹாலிடே என்று சொன்னால், துப்பாக்கிச் சண்டைப் படங்களைப் பார்த்துப் பழகிய நம் வீட்டு இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் அறிந்த ஹாலிடே சூதாடி, குடியர், இருமிக்கொண்டே சுடுபவர். அவர் பல் மருத்துவர் என்பது அவர்களுக்கு வேடிக்கையான துணுக்கு. நமக்கோ அதுவே தலைச்செய்தி. ஒரு மனிதரின் பெயர் நிலைத்து, அம்மனிதர் தொலைந்துபோனது எவ்வாறு என்பதை அக்குடும்பத்தின் ஏடுகளும், இல்லாமற்போன ஏடுகளும் காட்டுகின்றன.

ஹாலிடே 1851 ஆகஸ்டு 14ஆம் நாள் ஜார்ஜியாவின் கிரிஃபின் நகரில் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த பெண் குழந்தை 1850இலேயே இறந்துவிட்டது. எனவே பெற்றோருக்கு அவர் ஒரே மகவாக வளர்ந்தார். 1852 மார்ச்சில் அவ்வூர்ப் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. தந்தை ஹென்றி பர்ரோஸ் ஹாலிடே மெக்சிகோப் போரில் பங்குகொண்டவர்; திரும்புகையில் பிரான்சிஸ்கோ என்னும் அநாதைச் சிறுவனை உடன் அழைத்து வந்து வீட்டில் வளர்த்தார். உள்நாட்டுப் போர் ஜார்ஜியாவை நெருங்கிய 1864ஆம் ஆண்டில் குடும்பம் தெற்கே வால்டோஸ்டாவுக்குக் குடிபெயர்ந்தது. 1866 செப்டம்பரில் தாய் ஆலிஸ் ஜேன் காசநோயால் இறந்தார். சிறுவனுக்கு அப்போது வயது 15. மூன்று மாதங்களில் தந்தை மறுமணம் செய்துகொண்டார்.

இந்நிகழ்ச்சிகளெல்லாம் நமக்கு எவ்வாறு தெரியவருகின்றன? ஆலயப் பதிவேடும், கல்லறைக் கல்லும், மணப்பதிவும் சொல்லுகின்றன. அந்நாட்டுத் தென் மாநிலக் குடும்பங்களில் வேதநூலின் இடையே உள்ள வெற்றுத்தாள்களில் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை எழுதிவைப்பது வழக்கம். இவை நாளைச் சொல்லும், ஆளைச் சொல்லமாட்டா. தாயை இழந்த மூன்றாம் மாதம் மாற்றாந்தாய் வாசற்படி ஏறியபோது அப்பையன் என்ன நினைத்தான்? எந்தப் பதிவேட்டிலும் அதற்கு இடமில்லை. அதனை அவன் யாருக்கேனும் எழுதியிருந்தால் அது கடிதத்தில்தான் இருந்திருக்கும்.

1870இல் அவர் ஃபிலடெல்ஃபியா சென்று பென்சில்வேனியப் பல் அறுவை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1872 மார்ச்சில் பட்டம் பெற்றபோது 21 வயது நிரம்பவில்லை. அக்காலப் பல் மருத்துவம் இன்று நாம் காண்பதைப் போன்றதன்று. சொத்தைப் பல்லைத் தங்கத் தகட்டால் சிறிது சிறிதாக அழுத்தி அடைப்பார்கள். கந்தகமிட்டு இறுக்கிய ரப்பரில் பொய்ப்பல் தொகுதி அமைப்பார்கள். காலால் மிதித்துச் சுழற்றும் துளைக்கருவிக்கு 1871இல்தான் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. கைநுட்பம் வேண்டிய தொழில் அது. ஹாலிடேக்கு அந்நுட்பம் இருந்தது. பின்னாளில் டாலஸ் நகரப் பொருட்காட்சியில் அவருடைய பல் வேலைப்பாடுகளுக்குப் பரிசு கிடைத்தது. முதலில் அட்லாண்டாவில் தொழில் செய்தார். அங்கே, ஓராண்டிற்குள், தாயைக் கொண்ட நோய் தமக்கும் வந்திருப்பதை அறிந்தார்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தது 1882 மார்ச் 24ஆம் நாள். 1873இல் மருத்துவர்களுக்குத் தெரிந்த மருந்து இடமாற்றம் ஒன்றே. உலர்ந்த காற்றுள்ள மேற்குப் பகுதிக்குச் செல்லுமாறு சொல்லுவார்கள். ஹாலிடே டெக்சாஸ் மாநிலத்து டாலஸுக்குச் சென்று, சீகர் என்னும் பல் மருத்துவரோடு கூட்டாகத் தொழில் தொடங்கினார். வாய்க்கு நேராகக் குனிந்து வேலை செய்யும் தொழிலில் இடைவிடாத இருமலோடு எத்தனை நாள் நிற்கமுடியும்? நாற்காலியில் அமர வருவோர் குறையக் குறைய, சீட்டாட்ட மேசை அவரை இழுத்துக்கொண்டது. எனினும் தொழிலை அவர் முற்றும் கைவிடவில்லை. 1878இல் கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில் அவர் கொடுத்த செய்தித்தாள் விளம்பரம் இன்றும் இருக்கிறது. நோயாளிக்குத் திருப்தியில்லையேல் பணம் திருப்பித் தரப்படும் என்று அதில் வாக்களித்திருந்தார். சூதாடி என்று பெயர்பெற்ற ஒருவரின் வாக்கு இது!

அதன்பின் நடந்தவற்றை விரித்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. திரைப்படங்கள் சலிக்கச் சலிக்கச் சொல்லிவிட்டன. 1881 அக்டோபர் 26இல் அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில், ஓ.கே. காரல் என்னும் குதிரை லாயத்துக்கு அருகே, ஏறத்தாழ அரை நிமிடம் நீடித்த சண்டையில் மூவர் மாண்டனர். அச்சண்டையில் ஹாலிடேயும் சுட்டவர். நீதிபதி ஸ்பைசரின் முன் ஒரு மாதம் விசாரணை நடந்து, நவம்பர் 30இல் அவரும் அவருடைய தோழர்களும் விடுவிக்கப்பட்டனர். 1887 நவம்பர் 8ஆம் நாள், கொலராடோ மாநிலத்து க்ளென்வுட் ஸ்பிரிங்ஸில், ஒரு ஓட்டல் அறையில், 36 வயதில் காசநோய் அவர் உயிரைக் கொண்டது. அவ்வூர் லின்வுட் இடுகாட்டில் நினைவுக்கல் இருக்கிறது. அவர் உடல் கிடக்கும் சரியான இடம் அறியப்படவில்லை.

இந்த ஆண்டுகளினூடே அவர் கடிதம் எழுதிவந்தார். பெற்றுக்கொண்டவர் அவருடைய சிறிய தந்தை ராபர்ட்டின் மகள் மார்த்தா ஆன். வீட்டில் மேட்டி என்று அழைப்பார்கள். 1849இல் பிறந்தவராகையால் அவருக்கு அக்காள் முறை. மேட்டி 1883இல் சவானா நகரில் கத்தோலிக்கக் கன்னித்துறவியர் மடத்தில் சேர்ந்து, சிஸ்டர் மேரி மெலனி என்னும் பெயரை ஏற்றார். மடத்துக்குள் சென்றபின்னும் அவ்விருவரிடையே கடிதப் போக்குவரத்து நின்றுவிடவில்லை என்பது குடும்பத்தார் சொல்லிவருவது. உலகமே துப்பாக்கிக்காரர் என்று சுட்டிய ஒருவருக்கும், உலகத்தைத் துறந்த ஒரு பெண்ணுக்கும் இடையே நடந்த உரையாடல்! அக்கட்டு இன்று இருந்திருந்தால் அமெரிக்க நூலகங்கள் அதற்காக ஒன்றோடொன்று போட்டியிட்டிருக்கும். அஃது இல்லை. சிலவற்றைச் சிஸ்டர் மெலனி தாமே எரித்தார் என்பது குடும்ப மரபு. அவற்றை எரிக்காமல் விட்டிருந்தால் உலகம் வேறொரு மனிதனைக் கண்டிருக்கும் என்னும் பொருள்பட அவர் முதுமையில் கூறியதாகவும் சொல்லுவர். 1939இல் அவர் மறைந்தார்.

அவர் ஏன் எரித்தார்? காரணம் கற்பிக்க நாம் முற்படவேண்டியதில்லை. நம்மை நம்பி ஒருவர் எழுதியதை மூன்றாமவர் கண்ணுக்குக் காட்டாதிருப்பது நல்லோர் வழக்கு. அமானிதம் என்று நாம் சொல்லுவோமே, அதன் இலக்கணமே அதுதான். கொடுத்தவர் கேட்டால் திருப்பித் தரவேண்டும்; கொடுத்தவர் இல்லையேல் அவர் விருப்பம் எதுவாக இருந்திருக்கும் என்று கருதி நடக்கவேண்டும். நோயுற்ற ஒருவர், குடும்பத்தின் மதிப்புக்கு ஒவ்வாத வாழ்வில் விழுந்துவிட்ட ஒருவர், தம் அச்சத்தையும் நாணத்தையும் தமக்கையிடம் கொட்டினாரேயானால், அவர் தமக்கையிடம் கொட்டினார், ஊரிடம் கொட்டவில்லை. அதனைப் படிக்க நாம் விரும்புகிறோம் என்பதனால் நமக்கு ஓர் உரிமை பிறந்துவிடாது. ஆர்வம் வேறு, உரிமை வேறு. வரலாற்று ஆராய்ச்சி என்னும் உயர்ந்த பெயரைச் சூட்டிக்கொண்டாலும், அடுத்த வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்ப்பது எட்டிப் பார்ப்பதுதான்.

இவ்வளவில் வழக்கு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. எரித்ததன் விளைவையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மேட்டியிடம் இருந்த கடிதங்கள் சாம்பலாயின. மற்ற ஏடுகளோ சாம்பலாகவில்லை! சூதாடியதற்காகக் கைது செய்த காவலரின் குறிப்பு இருக்கிறது. குற்றம் சாட்டிய மனுக்கள் இருக்கின்றன. டூம்ஸ்டோன் விசாரணையின் சாட்சியங்கள் இருக்கின்றன. ஆகாதவர் அச்சிட்ட செய்தித்தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவரோடு பழகிய பேட் மாஸ்டர்சன் 1907இல் ஓர் இதழில் எழுதிய கட்டுரையும் இருக்கிறது. ஹாலிடே கடுகடுத்த குணமுடையவர், அடங்காத கோபக்காரர், மது உட்சென்றால் மிக அபாயமானவர், ஆனால் நலமுள்ள 15 வயதுப் பையனோடு கைகலந்தாலும் தோற்கக்கூடிய நோஞ்சான் என்று அதில் எழுதினார். ஹாலிடே இறந்து 20 ஆண்டு கழிந்தபின் வந்த எழுத்து. மறுமொழி சொல்ல அவர் இல்லை. சொல்லக்கூடிய ஏடுகள் சிஸ்டர் மெலனியிடம் இருந்திருக்கலாம். அவர் மடத்தின் மௌனத்தில் இருந்தார்.

ஒரு மனிதனின் குற்றங்களை எழுதிவைக்க அரசாங்கம் சம்பளம் கொடுத்து எழுத்தர்களை அமர்த்துகிறது. அவ்வேடுகளைக் கல் கட்டடத்தில் வைத்துப் பூட்டுகிறது. அவனுடைய பரிவையும் பச்சாத்தாபத்தையும் எழுதிவைப்பவர் அவனே. பாதுகாப்பவர் ஓர் அக்காளோ தாயோ மனைவியோதான். அவர்களும் அன்பின் மிகுதியால் எரித்துவிட்டால், மிஞ்சுவது வழக்குமன்றக் கட்டு ஒன்றே. மானத்தைக் காக்கவென்று மூட்டிய தீ, மானம் காத்திருக்கக்கூடிய சாட்சியையே தின்றுவிட்டது. பழியைச் சொல்லும் சாட்சிகளோ ஒன்றுகூடக் குறையவில்லை.

வெற்றிடத்தில் வேறு ஏதேனும் வந்து நிரம்புவது இயல்பு. இங்கே கற்பனை நிரம்பியது. சுட்டுக் கொன்றவர் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. உறுதியாக அவர்மேல் சுமத்தக்க மரணங்களோ மிகச் சிலவே என ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். 1946இல் ஜான் ஃபோர்டு எடுத்த 'மை டார்லிங் கிளமென்டைன்' படத்தில் ஹாலிடே ஜார்ஜியப் பல் மருத்துவர் அல்லர். பாஸ்டனிலிருந்து வந்த அறுவை மருத்துவர்! டூம்ஸ்டோன் சண்டையிலேயே அவரை இறக்கவும் வைத்துவிட்டார்கள். படுக்கையில் நோயால் இறந்தவருக்குத் துப்பாக்கி மரணம் தந்தால்தான் கொட்டகை நிறையும் போலும். இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. அக்கடிதங்களில் இருந்தது யாது எனத் தெரியாமையாலேயே, அவ்விருவரிடையே நிறைவேறாக் காதல் ஒன்று இருந்தது என்னும் கதை பரவலாயிற்று. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் சான்றில்லாத கதை. தம்பியின் மானத்தைக் காத்த பெண், தம்மைப் பற்றிய வதந்திக்கு விடை சொல்லும் ஏட்டையும் அதே தீயில் இட்டுவிட்டார்.

இதற்கு நேர்மாறாக நின்றவர் ஒருவர் உண்டு. ஹங்கேரியில் பிறந்து, மேற்குப் பகுதியில் ஹாலிடேயோடு பல ஆண்டுகள் கூடி வாழ்ந்த கேட் ஹொரோனி என்னும் பெண்மணி, சிஸ்டர் மெலனி மறைந்த மறு ஆண்டில், 1940இல், அரிசோனாவின் பிரெஸ்காட் நகர முதியோர் இல்லத்தில் இறந்தார். 1930களில் அவர் தம் நினைவுகளைக் கேட்டவர்களிடம் சொன்னார்; எழுதவும் செய்தார். அவற்றில் நாளும் இடமும் முரண்படும் இடங்கள் பல. தம்மை நல்லவிதமாகக் காட்டிக்கொள்ள அவர் முயன்றார் என்றும் ஆராய்ச்சியாளர் குறை சொல்லுவர். இருக்கட்டும். அரைநூற்றாண்டு கழித்து முதியோர் இல்லத்தில் அமர்ந்து பேசும் ஒருவர் வேறு எவ்வாறு பேசுவார்? எனினும் இன்று ஹாலிடேயின் வரலாற்றை எழுதப் புகுவோர் அப்பெண்மணியின் தடுமாறும் சொற்களையே கையிலெடுக்கவேண்டியிருக்கிறது. துறவியின் மாசற்ற மௌனத்தை எடுத்து எழுத முடிவதில்லை. பேசியவர் பிழையோடேனும் நிலைத்தார்.

ஆகவே சிஸ்டர் மெலனி செய்தது தவறா என்று கேட்பீராயின், தவறென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. வாக்குத் தந்தவர் வாக்கைக் காத்தார். அதன் விலையையும் அறிந்திருந்தார் என்று குடும்ப மரபு காட்டுகிறது. ஆயினும் எரித்தல், அச்சிடுதல் என்னும் இரண்டு வழிகளே உள்ளன என்று கொள்வதை நாம் ஏற்பதற்கில்லை. இடைவழி ஒன்று உண்டு. அதனை அதே உறவுவட்டத்தில் வந்த இன்னொருவரின் கதை காட்டுகிறது.

'கான் வித் த விண்ட்' நாவலை 1936இல் வெளியிட்ட மார்கரெட் மிச்செல், சிஸ்டர் மெலனிக்குத் தாய்வழியில் உறவினர். அந்நாவலில் வரும் மெலனி என்னும் நற்பெண்ணின் பெயர் இத்துறவியிடமிருந்தே வந்தது என்பர். மிச்செல் 1949 ஆகஸ்டில் அட்லாண்டா வீதியில் மோட்டார் மோதி இறந்தார். தம் கைப்பிரதிகளும் காகிதங்களும் தம்மோடு அழியவேண்டும் என்பது அவர் விருப்பம். கணவர் ஜான் மார்ஷ் அவ்வாறே பெரும்பகுதியைக் கொளுத்தினார். ஆனால் முழுவதையும் கொளுத்தவில்லை. நாவலைத் தம் மனைவியே எழுதினார் என்பதில் பின்னாளில் எவரேனும் ஐயம் கிளப்பினால் மெய்ப்பிக்கப் போதுமான சில அத்தியாயங்களையும் குறிப்புகளையும் உறையிலிட்டு முத்திரை வைத்து வங்கிப் பெட்டகத்தில் ஒப்படைத்தார். இறந்தவரின் விருப்பம் நிறைவேறியது. இறந்தவருக்கு அநீதி நேர்ந்தால் எழுந்து பேச ஒரு சாட்சியும் எஞ்சியது. மனைவியின் சொல்லைக் கணவர் மீறினார் என்று கடிந்துகொள்வோரும் இருக்கலாம். நமக்கு அது மீறலாகத் தோன்றவில்லை. அடைக்கலப் பொருளை வெளியிடுவது ஒரு குற்றம் என்றால், ஒருவருக்கு நீதி கிடைக்கவேண்டிய வேளையில் சாட்சியத்தை இல்லாமற் செய்வதும் குற்றமே. இரண்டையும் தவிர்க்க ஓர் உறையும் ஒரு பூட்டும் போதுமாயிருந்தன.

பிழைப்புக்காகக் கடல் கடந்தவர் எழுதிய கடிதங்கள் நம் குடும்பப் பெட்டிகளிலும் கிடக்கின்றன. வீடு மாறும் நாளில் ஒரு நாழிகைக்குள் அவற்றின் தலைவிதி தீர்ந்துவிடுகிறது. பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லாதவர் கையில் தீக்குச்சி இருப்பது ஆபத்து என்பதற்கு மேல் இதைப் பற்றி நாம் இப்போது நீட்டவில்லை.

பிரித்துப் பார்த்தல் என்றோம். குடும்பக் காகிதங்கள் எல்லாம் ஓரினத்தவை அல்ல. கடிதம் வேறு, கணக்கேடு வேறு. இவ்வேறுபாட்டுக்கும் ஜார்ஜியாவே நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. ஹாலிடே குடும்பத்துக்கு உறவென்று சொல்லப்படும் கிராஃபோர்டு லாங் என்னும் மருத்துவர், 1842 மார்ச் 30ஆம் நாள் ஜெஃபர்சன் என்னும் சிற்றூரில், ஈதர் ஆவியை முகரச்செய்து, ஜேம்ஸ் வெனபிள் என்பவரின் கழுத்துக் கட்டியை வலியின்றி அறுத்தெடுத்தார். அதனை அவர் உடனே வெளியிடவில்லை. 1846 அக்டோபர் 16இல் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதரைப் பலரறியப் பயன்படுத்திக் காட்டிப் பெயர் பெற்றுக்கொண்டார். லாங் 1849இல் எழுதியபோது, முந்தியவர் தாமே என்பதற்கு அவர் காட்டத்தக்கதாக இருந்தவற்றுள் ஒன்று தம் கணக்கேடு. வெனபிள் பெயருக்கு நேராக, ஈதருக்கும் கட்டி அகற்றியதற்கும் இரண்டு டாலர் என்று ஒரு பற்று எழுதப்பட்டிருந்தது. எந்த அந்தரங்கமும் இல்லாத ஒரு வரி. பழைய கணக்கென்று எவரேனும் அதனை அடுப்பிலிட்டிருந்தால் ஓர் உண்மைக்குச் சான்று குறைந்திருக்கும்.

இன்னும் கனமான கணக்கேடுகளும் அம்மண்ணில் உண்டு. உள்நாட்டுப் போருக்கு முன் தென் மாநிலத்து வசதியுள்ள குடும்பங்களைப் போலவே ஹாலிடே குடும்பமும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தது. அவர் தாயின் தந்தையும் தோட்டக்காரர். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் மக்கள் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும், அதன்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவை இருக்கும், பெயர் இராது. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் தம் சொந்தப் பெயரோடு அரசாங்கக் கணக்கில் ஏறியது 1870இல்தான். அதற்கு முற்பட்ட தலைமுறையின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? எசமானர் வீட்டு உயிலில், பாகப்பிரிவினைப் பட்டியலில், பருத்தி எடுத்த கணக்கில், வேதநூலின் வெற்றுத்தாளில் எங்கோ ஓரமாக. அவ்வேடுகளை எழுதியவர்கள் அடிமைகளுக்காக எழுதவில்லை, சொத்துக்காக எழுதினார்கள். எழுதியவரின் நோக்கம் எதுவாயினும், அந்த வரி இன்று எவருக்கு உரியது என்னும் வினா நிற்கிறது.

பேரப்பிள்ளைகள் நாணமுற்று அத்தகைய ஏடுகளை அழித்துவிட எண்ணினால் அந்நாணத்தை நாம் மதிக்கிறோம். அழிக்கும் உரிமையை ஏற்கமாட்டோம். மேட்டி எரித்தது இருவர்க்கிடையிலான பேச்சு. அவர் அதில் ஒரு பாதிக்கு உரியவர். பாட்டனாரின் அடிமைக் கணக்கை எரிக்கும் பேரனோ அதில் ஓர் எழுத்துக்கும் உரியவன் அல்லன். அவனுடைய பாட்டனார் தமக்கென்று வைத்துக்கொண்ட மனிதர்களை அவன் இரண்டாம் முறையும் பறிக்கிறான். குடும்ப மானம் என்னும் சொல் இவ்விரண்டு தீக்கும் ஒரே விறகாகப் பயன்படுகிறது என்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடா.

ஹாலிடே குடும்பத்தாருள் சிலர் பிற்காலத்தில் இதனை உணர்ந்தவர்களாகவே நடந்துகொண்டனர். தாய்வழியினரான சூசன் மெக்கே தாமஸ், ஆல்பர்ட் பெண்டில்டன் என்பவரோடு சேர்ந்து 1973இல் வால்டோஸ்டா வட்டாரத்து ஆவணங்களைத் திரட்டி ஒரு சிறுநூல் வெளியிட்டார். தந்தைவழி உறவினரான கேரன் ஹாலிடே டானர் 1998இல், குடும்பத்தில் வழங்கிவந்த செய்திகளையும் எஞ்சிய ஏடுகளையும் கொண்டு முழு வரலாறு ஒன்றை எழுதினார். குடும்பக் கதைகளை அவர் அளவுக்கு மேல் நம்பிவிட்டார் என்னும் குறை கூறப்பட்டதுண்டு. கடிதங்கள் போனபின் கதைகளைத்தானே நம்பவேண்டியிருக்கிறது!

ஜார்ஜியாவின் மாவட்ட நீதிமன்றங்களிலும், அட்லாண்டாவை அடுத்துள்ள மாநில ஆவணக் காப்பகத்திலும் பழைய உயில்களும் பாகப் பட்டியல்களும் காட்சிக்குத் திறந்திருக்கின்றன. விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வந்து, தம் முன்னோரை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பத்தின் பெயரில் தேடத் தொடங்குகிறார்கள். வேறு வாயில் அவர்களுக்கு இல்லை. சிலருக்கு ஒன்றும் அகப்படுவதில்லை. சிலருக்கு ஒரு பெயரும் வயதும் அகப்படுகின்றன; பக்கத்தில் டாலர் கணக்கில் ஒரு தொகை எழுதியிருக்கும்.